மந்திரித்த கக்கூஸ்

பயந்தாங்கொள்ளியிடம் துடைப்பத்தைக் கொடுக்கக் கூடாது. எதிரே இருப்பது அழுக்கா, ஆவியா என்று பார்க்காமல் தேய்க்க ஆரம்பித்துவிடுவாள். நான் அப்படித்தான் தேய்த்தேன்.

யுத்த காலத்தில் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணத்தில் பாதிப் பேர் ஊரைக் காலிசெய்துவிட்டார்கள். அதனால்தான் பள்ளிக்கூட வாத்தியாரான என் கணவருக்கு, அடையாற்றில் ஒரு வெள்ளைக்காரர் விட்டுப்போன பங்களா வாடகைக்குக் கிடைத்தது. தெருவில் மனித வாடையே இல்லை. குண்டு விமானத்துக்கு வெளிச்சம் தெரியாதபடி ஜன்னல்களில் கறுப்புத் தாள் ஒட்டியிருந்ததால் உச்சி வெயிலிலும் வீட்டுக்குள் இருட்டு. கோடியில் இருந்த கக்கூஸில் மட்டும் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

அங்கே ஒரு பீங்கான் கமோடு. (சாந்தோமில் வளர்ந்த நான் அதுவரை கண்ணால் பார்க்காத வஸ்து.) அதன் அடியில் பழுப்பாக ஒரு பழைய கறை. குனிந்து பார்த்தேன். ஒரு பெண்ணின் முகம். வாய் திறந்திருந்தது.

"அத்த ஒண்ணியும் பண்ணாதம்மா," என்றான் தோட்டக்காரன் முனுசாமி. "பழைய தொரசானி அது. இங்கதான் உசுரு பூட்ச்சு. இன்னும் பாத்துக்கினுதான் கீறாங்க."

நான் இரண்டடி பின்வாங்கினேன். ஆனால் மறுநாள் மாலை பங்குச் சாமியார் வீடு மந்திரிக்க வருகிறார். என் கணவருக்குப் படியளப்பதே அவருடைய பள்ளிக்கூடம்தான். எல்லா அறையிலும் தீர்த்தம் தெளிப்பார். கக்கூஸில் ஒரு வெள்ளைக்காரி வாயைப் பிளந்துகொண்டிருந்தால் என்ன நினைப்பார்?

சாம்பல் போட்டுத் தேய்த்தேன். மூக்கு தெளிவாயிற்று. புளி போட்டேன். கண் வந்தது. எலுமிச்சம்பழம் பிழிந்ததும் காதோரச் சுருட்டை முடிகூடத் தெரிந்தது. (அழுக்கு எடுக்கிறேனா, படம் வரைகிறேனா?) அன்று இரவு கண்ணை மூடினாலும் அந்த முகம்தான்.

மறுநாள் சாமியார் வரும் நேரம். வேறு வழி தெரியாமல், ஊறுகாய்க்கு வைத்திருந்த காடியை, அதுதான் வினிகரை, அப்படியே கவிழ்த்தேன். அதன்மேல், கிணற்றுக்கென்று வாங்கிய பிளீச்சிங் பவுடரை டப்பாவோடு கொட்டினேன்.

'உஸ்' என்று யாரோ மூச்சு விட்டார்கள். நிச்சயமாக நான் இல்லை. எனக்கு மூச்சே வரவில்லை. பச்சையும் மஞ்சளுமாக ஒரு புகை கமோடிலிருந்து எழுந்து என்னைப் பார்த்து வந்தது. தொண்டை எரிய, கண்ணீர் வழிய, தவழ்ந்தே கூடத்துக்கு வந்தேன். நிமிர்ந்தால், இருட்டில் நெடுநெடுவென்று வெள்ளை உருவம்.

"சேசு மரி சூசை! தொரசானி!"

"நான் சாமியாரும்மா," என்று இருமியது உருவம். (தாடியைக் கவனிக்கும் நிலையில் நான் இல்லை.)

அதற்குள் என் கணவர், "விஷப் புகை! ஜப்பான்காரன் போட்டுட்டான்!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்து, ஒரு வாளித் தண்ணீரைச் சாமியார் தலையில் ஊற்றினார். "நனைஞ்சிட்டா ஒண்ணும் பண்ணாது சாமி!"

சொட்டச் சொட்ட நின்ற சாமியார், புகை வந்த வாசலைப் பார்த்தார். உள்ளே இன்னும் சீறிக்கொண்டிருந்தது. கையில் இருந்த தீர்த்தம் முழுவதையும் கக்கூஸுக்குள் வீசிவிட்டுத் தோட்டத்துக்கு விரைந்தார்.

"மத்த ரூமெல்லாம், சாமி?" என்று கேட்டார் என் கணவர்.

"வேணாம்ப்பா. இருந்ததெல்லாம் அங்கதான் இருந்துச்சு."

மறுநாள் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தேன். முகம் அப்படியேதான் இருந்தது. வாய் மட்டும் மூடியிருந்தது.

அந்த வீட்டில் மந்திரித்த அறை அது ஒன்றுதான். எனவே சைரன் ஊதும்போதெல்லாம் நானும் என் கணவரும் அதற்குள் ஓடிப்போய், மணி மணியாக உருட்டி ஜெபமாலை சொன்னோம். முனுசாமியும் வாசலில் வந்து ஒண்டிக்கொள்வான். இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது கக்கூஸில் நேரமாக்கினால், என் மகள் கதவைத் தட்டிக் கேட்பாள்:

"உள்ள இன்னும் எத்தனை மணி பாக்கி?"