ஒரு காசு உயர்வு

செழுமாபுரி என்றொரு நாடு. அங்கே பிள்ளை பெற்ற வீட்டுக்கெல்லாம் அரண்மனைத் தொழுவத்திலிருந்து தினமும் ஒரு சொம்பு பால் இலவசம். ராஜா நல்லவர்தான். சட்டம் எழுத ஆள் வைத்திருந்தார், அதுதான் வினை.

வீட்டில் யாராவது ஒருவர் மாதம் நூறு காசுக்கு மேல் வாங்கினால் அது பணக்கார வீடு, பால் கிடையாது. தாண்டிய ஒவ்வொரு காசுக்கும், பிள்ளைகள் ஒரு வருடம் குடித்த பாலைத் திருப்பி வேறு அளக்க வேண்டும். தொழுவத்தில் மாடு கறக்கும் செங்கமலம், புருஷனைப் பறிகொடுத்துவிட்டு இரட்டைப் பிள்ளைகளோடு நூறு காசில் காலம் தள்ளிக்கொண்டிருந்தாள். அவள் வேலையை மெச்சி ராஜா ஒரு காசு கூட்டிக் கொடுத்தார். மறுநாளே பால் நின்றது, ஒரு வருடப் பால் கடனும் தலையில் ஏறியது.

அவள் பால்படி அதிகாரி வீரபாகுவிடம் ஓடினாள்.

"ஐயா, அடுத்த வீட்ல புருஷனும் பொண்டாட்டியும் ஆளுக்கு நூறு வாங்குறாங்க. அவங்களுக்குப் பால் வருது. ஒத்தையில நூத்தியொண்ணு வாங்குற நான் பணக்காரியா?"

"அங்கே இருப்பது இரண்டு ஏழைகள். இங்கே நிற்பது ஒரு சீமாட்டி. சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது."

"அப்ப அந்த ஒரு காச நீங்களே வச்சுக்குங்க, சாமி."

வீரபாகு எழுந்து நின்றார். "அரசர் கொடுத்ததை மறுப்பது ராஜத்துரோகம்."

என்னத்தைச் சொல்ல. பால் கறப்பவளின் பிள்ளைகள் நீராகாரம் குடித்தன. ஒரு ஏழை குறைந்த இந்தச் சாதனையில் பூரித்துப்போன அமைச்சரவை, ராஜாவின் பிறந்தநாளன்று, ஆளுக்கு நூறு காசே கூலியான ஊருக்கே ஒரு காசு உயர்த்தியது. தண்டோரா கேட்டதும் சனங்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். விடுவார்களா? சேவகர்கள் கூரையைப் பிரித்துக் காசைப் போட்டுவிட்டுப் போனார்கள்.

இப்போது பால் வாங்க ஆளில்லை. தொழுவத்தில் குடம் குடமாகத் தேங்கியது. "பால் கேட்க ஒரு ஏழைகூட இல்லாத நாடு இது" என்று நலத்துறை அமைச்சர் அறிவித்தார். மிஞ்சிய பாலை முச்சந்தியில் நின்ற ராஜாவின் சிலைக்கு அபிஷேகம் செய்ய உத்தரவும் போட்டார். குடம் சுமந்தவள் செங்கமலம்தான். என்ன செய்வாள் பாவம்.

சிலையின் கால் விரலில் வழிந்த பாலை அவள் பிள்ளைகள் இரண்டும் கையேந்திக் குடித்தன. அமைச்சர் பார்த்துவிட்டார். அவளுக்கு உயிரே போய்விட்டது.

அமைச்சரோ கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என்ன ராஜபக்தி. பால்மணம் மாறாத பிள்ளைகள் தீர்த்தம் அருந்துகின்றன. வீரபாகு, இவர்களைப் பெற்றவளுக்கு இன்னொரு காசு கூட்டிக் கொடும்."

வேண்டவே வேண்டாமென்று கெஞ்சி, செங்கமலம் அவர் காலில் விழுந்தாள். மேளச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. பயனாளி நன்றி தெரிவித்தாள் என்று வீரபாகு எழுதிக்கொண்டார்.