கருஞ்சிட்டுகளின் ஸ்ரேசன் மாஸ்டர்

எங்கள் இணுவில் ஊரில் மனிதரை வெட்கப்பட வைத்தவர்கள் பலர் உண்டு. ஆனால் ஒரு முழுக் குடும்பத்தையும், அந்தக் குடும்பத்தின் பசுமாட்டையும் சேர்த்துத் தலைகுனிய வைத்தவர் சிக்னல் மாஸ்டர் ஒருவர்தான். மாடு எப்படி வெட்கப்படும் என்று கேட்பீர்கள். அதன் வால்மயிரை அவர் கத்தரித்துக்கொண்டு போன மறுநாள் அதன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

சொந்தப் பெயர் ஒன்று அவருக்கு இருந்துதான் இருக்கும். மலாயாவில் ஏதோ ஒரு காட்டு ஸ்ரேசனில் மாஸ்டராக இருந்து, மனைவியையும் அங்கேயே பறிகொடுத்து, பென்சனோடு தனியாக வந்து எங்கள் பக்கத்து வளவில் குடியேறினார். பிள்ளைகள் இல்லை. கொண்டுவந்த சாமான்கள் ஒரு தொப்பி, பித்தளைப் பொத்தான் வைத்த கறுப்புக் கோட்டு, ஒரு விசில், சிவப்பும் பச்சையுமாக இரண்டு கொடிகள். ரயில் இல்லாத சீவியம் அவருக்கு ஒத்துவரவில்லை. வளவில் ஓடித் திரிந்த கருஞ்சிட்டுகளைக் கண்டார். அவை நிற்கிற இடமெல்லாம் வாலைத் தூக்குவதையும் இறக்குவதையும் கண்டார். சிக்னல் கையைக் கண்ட மாதிரி இருந்திருக்கும். அன்றே பென்சனை மறந்து மறுபடி வேலைக்குச் சேர்ந்துவிட்டார்.

நான் அப்போதுதான் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டுச் சோதனை முடிவுக்காகக் காத்திருந்தேன். ஒரு இடத்தில் இருக்கமாட்டேன். யாராவது எதையாவது பிழையாகச் சொன்னால் திருத்தாமலும் விடமாட்டேன். அவர் கருஞ்சிட்டை "றொபின்" என்று சொல்லக் கேட்டதும் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "மாஸ்டர், றொபின் எண்டால் நெஞ்சு சிவப்பாய் இருக்கவேணும். எங்கடை வாசிப்புப் புத்தகத்திலை படமே கிடக்கு" என்றேன்.

"படத்திலை நிலமெல்லாம் என்ன கிடக்கு?"

"பனி."

"அதுதான் மோனை. அங்கை குளிர். நெஞ்சிலை சிவப்புக் கம்பளி போட்டிருக்கிறார். இஞ்சத்தை வெயிலுக்கு அதை ஆர் போடுவினம்? கழட்டி வாலுக்குக் கீழை செருகி வைச்சிருக்கிறார். வடிவாப் பார்."

பார்த்தேன். கறுத்த ஆண்குருவி ஒன்று முருங்கை மரத்தடியில் தத்தித் தத்தி ஓடி நின்று வாலைத் தூக்கியது. அதன் அடியில் செங்கல் நிறத்தில் ஒரு துண்டு! என் புத்தகப் படிப்பெல்லாம் ஒரு குருவியின் வாலுக்கு அடியில் போய் முடிந்தது. அந்தக் கணமே அவர் என்னைத் தன் ஸ்ரேசனுக்கு மூட்டை தூக்கும் போட்டராக நியமித்துவிட்டார். நானும் ஏன் என்று கேட்காமல் சேர்ந்துவிட்டேன்.

போட்டர் முதலில் படிக்க வேண்டியது ஆளடையாளம். வால் இரண்டாகப் பிளந்திருந்தால் கரிக்குருவி. "அது எங்கடை லைன் இல்லை, தந்திக் கம்பி இலாகா" என்பார் மாஸ்டர். வெள்ளை வயிறும் இறகில் வெள்ளைக் கோடும் இருந்தால் குண்டுகரிச்சான். விடியற்காலையில் கூரை முகட்டில் ஏறி நின்று பாட்டுக் கச்சேரி வைக்கும். "றொபினுக்குப் பெரியப்பன் மோன். கொஞ்சம் வாய்காரன்." உடம்பெல்லாம் கறுத்து, தோளில் மட்டும் ஒரு வெள்ளைப் பொட்டு வைத்திருப்பது கருஞ்சிட்டு. மண்ணிறமாய்ப் பின்னால் வருவது அதன் பெண்சாதி. அந்த அம்மாளைக் காணும்போதெல்லாம் மாஸ்டர் தொப்பியைக் கழற்றுவார். வேலிக்கு வெளியே ஒழுங்கையில் போகிறவர்கள் தங்களுக்குத்தான் மரியாதை என்று நினைத்துப் பதிலுக்குக் கும்பிடுவார்கள். நான் வேலிக்குப் பின்னால் குந்திவிடுவேன்.

அடுத்தது பராமரிப்பு. ஒரு சிரட்டையில் தண்ணீர். பூனைகளுக்கு விசில். கொத்திக் கிளறிய ஈர மண்ணில் புழு பூச்சி. வேலியில் கறையான் ஏறினால் யாரும் தட்டக் கூடாது. "அது அவையின்ரை சாப்பாட்டுக் கடை. பூட்டுறதுக்கு நீ ஆர்?"

கூட்டுக்குள் மெத்தை போட மயிர் வேண்டுமாம். மாட்டு மயிர் முரடு என்று குருவியம்மா கழித்துவிட்டாள். ஒரு பின்னேரம், எங்கள் முற்றத்தில் கோயிலடிப் பெண்கள் நாலு பேர் அம்மாவோடு கதைத்துக்கொண்டிருக்கும்போது, வேலிக்கு மேலே தொப்பி ஒன்று எழும்பியது.

"தங்கச்சி, தலை இழுத்தால் சீப்பிலை கழியிற மயிரை எறியாதையும். எனக்குத் தாரும்."

கழிந்த தலைமயிர் அந்நியர் கையில் அகப்பட்டால் செய்வினை செய்துவிடுவார்கள் என்று புதைத்து வைக்கிற ஊர் எங்களது. அம்மா இரண்டு கைகளாலும் கொண்டையைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள்.

"ஐயோ அண்ணை, என்ன கதை கதைக்கிறியள்!"

"குருவிக்குத் தங்கச்சி. குருவிக்கு."

"குருவிக்கு எந்த மயிர் எண்டு தெரியுமே?" என்றாள் வந்திருந்தவர்களில் ஒருத்தி. "மலாயாவிலை படிச்சுக்கொண்டு வந்த மந்திரமாக்கும்."

அன்று இரவு அம்மா எனக்குச் சோறு போடும்போது, "நீ தானே அந்த விசரனுக்குப் போட்டர்" என்றாள்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற வெட்கம். இனி வருவது வேறு.

அக்காவுக்குக் கலியாணம் பேசினார்கள். அது மூன்றாவது பேச்சு. முன்னைய இரண்டும் எங்கள் படலை வாசலுக்கு வராமலே கலைந்துவிட்டன. மூன்றாவது மாப்பிள்ளை மானிப்பாய் ஆசுபத்திரியில் மருந்து கொடுக்கும் அப்போதிக்கரி. இதுவும் கலைந்தால், பிழை எங்கள் வீட்டில்தான் என்று ஊர் தீர்மானித்துவிடும். அக்கா கோயிலுக்குப் போவது கூடிவிட்டது.

மாப்பிள்ளை பகுதி வருகிறதென்றால் வேலி அடைக்க வேண்டும். உக்கிய ஓலை வேலி உள்ள வீட்டில் பெண் எடுக்க யாழ்ப்பாணத்தில் யார் வருவார்? எங்கள் பங்கை ஐயா, என் தகப்பனார், புத்தோலையால் அடைத்துப் பளிச்சென்று வைத்துவிட்டார். ஆனால் படலையோரம் உள்ள பக்க வேலி காணி உறுதிப்படி மாஸ்டரின் பங்கு. கறையான் தின்று, எங்கள் கிணற்றடி ஒழுங்கைக்குத் தெரியுமளவுக்கு ஓட்டை. மற்றவன் வேலியில் கை வைப்பதும் நீதிமன்றப் படி ஏறுவதும் ஒன்றுதான். அதனால் ஐயா பணிவாகத்தான் போனார்.

"அண்ணை, வாற வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை ஆக்கள் வருகினம். உங்கடை பங்கை ஒருக்கால் அடைச்சுத் தாருங்கோ. ஓலையும் நான் தாறன், ஆளும் நான் பிடிக்கிறன்."

"ஏலாது தம்பி. பிளாட்போமிலை பயணியள் நிக்கினம்."

"ஆர்?"

மாஸ்டர் வேலி மூலையில் தான் கட்டி வைத்த பிஸ்கட் தகரத்தைக் காட்டினார். உள்ளே இரண்டு குஞ்சுகள் வாயை மட்டும் திறந்துகொண்டு கிடந்தன.

"ஓலையை இழுத்தால் தகரம் ஆடும். தகரம் ஆடினால் தாய் வராது. அவை வெளிக்கிடட்டும், பேந்து அடைப்பம்."

"எப்ப வெளிக்கிடுவினம்?"

"ரைம் ரேபிள் அவையின்ரை கையிலை."

ஐயா பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பி வந்து, எங்கள் பக்கத்தில் வரிசையாகப் பாய்களைக் கட்டித் தொங்கவிட்டார். கிணற்றடி மறைந்தது. வீடு, தலையில் கட்டுப் போட்ட நோயாளி மாதிரி நின்றது.

வெள்ளிக்கிழமை வந்தது. நான் புது வேட்டியோடு வெற்றிலைத் தட்டம் ஏந்திப் படலையில் நிற்கிறேன். உள்ளே அக்கா நகை போட்டு உட்கார்ந்திருக்கிறாள். வாடகைக் கார் ஒழுங்கைக்குள் திரும்பியது. அதே நேரத்தில் தகரத்துக்குள் இருந்த பயணிகளும் வெளிக்கிட்டுவிட்டார்கள். ஒன்று எப்படியோ வேலிக்குள் பாய்ந்துவிட்டது. மற்றது பறக்கத் தெரியாமல் நடு ஒழுங்கையில் விழுந்து, அங்கேயே குந்திக்கொண்டது.

விசில் கேட்டது. தொப்பி, கோட்டு, பொத்தான் எல்லாம் மினுங்க, சிக்னல் மாஸ்டர் காருக்கு முன்னால் பாய்ந்து சிவப்புக் கொடியை விரித்தார். கார் குலுங்கி நின்றது. சாரதி ஹோர்ன் அடித்தான்.

"ஹோர்ன் அடியாதையும்! லைன் கிளியர் இல்லை!"

"விலத்தும் ஐயா! பொம்பிளை பாக்க வந்த கார் இது!"

"ஆரெண்டாலும் நிக்கத்தான் வேணும்!" மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். "போட்டர்! என்ன பார்த்துக்கொண்டு நிக்கிறாய்? பச்சைக் கொடியை எடுத்துக்கொண்டு ஓடி வா!"

காருக்குள் இருந்த அத்தனை தலைகளும் என்னைப் பார்த்தன. மாப்பிள்ளையும் பார்த்தார். தட்டத்தில் இருந்த வெற்றிலைகள் என்னைவிட நேராக நின்றன.

அத்தோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. தகப்பன் குருவி பறந்து வந்து காரின் விளக்கில் குந்தியது. பளபளத்த விளக்கில் தன் உருவத்தைக் கண்டு, வேறொரு கருஞ்சிட்டு தன் வளவுக்குள் வந்துவிட்டதென்று கொத்து கொத்தென்று கொத்தத் தொடங்கியது. மாப்பிள்ளையின் தாய் உள்ளேயிருந்து கத்தியது எங்கள் வீட்டுச் சமையலறைக்கும் கேட்டது.

"இதென்ன சகுனமடாப்பா! படலையிலை சிவப்புக் கொடி, காரிலை கறுப்புக் குருவி! திருப்பு காரை!"

ஒழுங்கையில் கார் திரும்ப இடம் இல்லை. வந்த வழியே பின்பக்கமாக, வேலிகளை உரசிக்கொண்டு, நீண்ட நேரம் போனது. அயல் முழுவதும் படலைகளுக்கு வந்து பார்த்தது. இதற்குள் குஞ்சு தத்தி வேலிக்குள் ஏறிவிட்டது. மாஸ்டர் தானே ஓடிப்போய்ப் பச்சைக் கொடியை எடுத்து வந்து உயர்த்தி, "லைன் கிளியர்! இனி வரலாம்!" என்று கூவினார்.

யாரும் வரவில்லை.

அக்கா நகைகளைத் தானே கழற்றி வைத்தாள். ஐயா வேலியடிக்குப் போனார்.

"அண்ணை, இண்டையோடை உங்களுக்கும் எங்களுக்கும் கதை இல்லை."

அவ்வளவுதான் சொன்னார். மாஸ்டர் கொடியைச் சுருட்டவும் மறந்து நின்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டு யன்னலையே பார்த்தார். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

நான் கடைக்குப் போனால், "அடேய் போட்டர், மானிப்பாய் வண்டி எத்தினை மணிக்கு?" என்பார்கள். அம்மா ஆள் நடமாட்டம் குறைந்த நேரம் பார்த்துத்தான் கிணற்றடிக்குப் போனாள். மாஸ்டர் தன் பங்கு வேலியைத் தனி ஆளாக, கையெல்லாம் ஓலை கீறி, இரண்டு பக்கமும் ஒரு பொட்டு வெளிச்சம் தெரியாமல் அடைத்துவிட்டார். பிறகு அந்த வளவிலிருந்து விசில் சத்தம் கேட்கவே இல்லை. பூனைகள் தாராளமாக நடந்தன.

சில நாட்களில் தரகர் ஓடி வந்தார். மாப்பிள்ளை பகுதி மறுபடி வருகிறார்களாம். ஏன் என்று அவருக்கும் தெரியாது. வந்தார்கள், பார்த்தார்கள், அக்காவைப் பிடித்துவிட்டது, ஆனியில் நாள் வைத்தார்கள். ஐயா வீடு வீடாகப் போய்க் கலியாணம் சொன்னார். பக்கத்துப் படலையை மட்டும் பார்க்காமல் நடந்து போனார்.

தாலி ஏறின பிறகு மாப்பிள்ளையின் தாய் ஐயாவிடம், "எங்கை உங்கடை அயலவர், அந்தத் தொப்பிக்காரர்?" என்று கேட்டார்.

ஐயா பந்தல் வேலையைப் பார்ப்பவர்போலத் திரும்ப, அந்த அம்மா விடவில்லை.

"உங்களுக்குத் தெரியாதே? நாங்கள் திரும்பிப் போன மற்ற நாள் அவர் மானிப்பாய்க்கு நடந்து வந்தவர். மத்தியான வெயில். கதிரை போட்டும் இருக்கேல்லை. முத்தத்திலை நிண்டுகொண்டு, 'வேலியும் என்ரை, கொடியும் என்ரை, குருவியும் என்ரை. பிள்ளையிலை ஒரு பிழையும் இல்லை, அம்மா. என்னிலை உள்ள கோவத்தைப் பிள்ளையிலை வைக்காதையுங்கோ' எண்டு கும்பிட்டார். உமக்குப் பிள்ளை என்ன முறையெண்டு கேட்டன். 'வேலிக்கு அங்காலை இருக்கிறன்' எண்டார். ஒரு முறையும் இல்லாத மனிசன் ஒரு பிள்ளைக்காக இப்பிடித் தலைகுனிஞ்சு நிக்க, பிள்ளையின்ரை முகத்தையும் பாராமல் காரைத் திருப்பின எனக்கு வெக்கமாய்ப் போச்சு."

ஐயா சால்வையால் முகத்தைத் துடைத்தார். பந்தலைத் தாண்டி, மேளக்காரரைத் தாண்டி, ஒழுங்கைக்குப் போனார். நானும் பின்னால் போனேன். தன் படலைக்கும் எங்கள் படலைக்கும் நடுவில், தோய்த்த வெள்ளை வேட்டியோடு, தொப்பியும் கோட்டும் இல்லாமல், மாஸ்டர் ஒதுங்கி நின்று மேளச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் போவதற்குத் திரும்பினார்.

ஐயா அவர் கையைப் பிடித்துவிட்டார்.

"என்னண்ணை உங்கை நிக்கிறியள்? பொம்பிளை வீட்டார் முன்னுக்கு இருக்கவேணும். வாங்கோ."