சொர்ணத்தின் இருமல்

உலகத்தில் எந்த நாவலாசிரியரும் தன் கதாநாயகியின் இருமலுக்குக் கஷாயம் வாங்கி வந்திருக்க மாட்டார். யோசனைக்காரர் வாங்கி வந்தார். குடித்தவன் நான்.

யுத்த காலம். அருப்புக்கோட்டைப் பருத்தி மண்டி ஒன்றில் நாங்கள் இருவரும் குமாஸ்தாக்கள். ஞானப்பழத்தம்மாள் வீட்டு முன்னறையில் குடியிருந்தோம். மண்டி நேரம் போக, யோசனைக்காரர் மதுரையிலிருந்த ஒரு பதிப்பாளருக்கு நாவல் எழுதுவார். அன்றைக்கும் இன்றைக்கும் எனக்குப் பிடித்த நாவலாசிரியர் அவர்தான்.

கற்பனை செய்வது சோம்பேறிகளின் வேலை என்பது அவர் கட்சி. கதையில் முடிச்சு விழுந்தால், அதைத் தன் சொந்த வீட்டு விவகாரமாக்கி ஊரில் யோசனை கேட்பார். சித்தப்பா சொத்தைப் பிரிக்க மறுக்கிறார், என்ன செய்யலாம் என்று ஒரு தறிக்காரரிடம் கேட்டார். யோசனைக்காரருக்குச் சித்தப்பாவே கிடையாது. தறிக்காரர் தறியை நிறுத்திவிட்டு அரை நாள் கொதித்தார். அது அப்படியே எட்டாம் அத்தியாயம் ஆனது. அவர் நாவல்களில் யாரும் புத்தகத் தமிழில் சண்டை போடாததற்கு இதுதான் காரணம். நானும் அந்த முறையைப் பின்பற்றி, நான் எழுதுவதைப் பற்றி நாலு பேரிடம் யோசனை கேட்டேன். நாலு பேரும் நிறுத்திவிடச் சொன்னார்கள்.

அந்த வருஷத்து நாவலில் கதாநாயகி சொர்ணம். புருஷன் ரங்கூனில், குண்டு விழுந்தபின் தபால் இல்லை. அவள் ஏங்கி, இருமி, கடைசியில் சாக வேண்டும். யோசனைக்காரர் அவளைப் பரளச்சியில் கட்டிக்கொடுத்த தன் தங்கை என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தார். தெருப் பெண்கள் சுக்கு இடித்துக் கொடுத்தார்கள். ஆடாதொடைக் கஷாயம் தினமும் வந்தது. வீணாக்கக் கூடாதென்று எனக்கு ஊற்றினார். எனக்கு இருமலே இல்லை. குடிக்கக் குடிக்க வந்தது.

ஞானப்பழத்தம்மாள் மட்டும் மருந்து தரவில்லை. அவருடைய ஒரே மகனும் ரங்கூனில்தான், அரிசி மில்லில். அவனிடமிருந்தும் தபால் இல்லை. தினம் ஜெபத்தில் அவன் பேருக்குப் பின்னால் சொர்ணத்தின் புருஷனையும் சேர்த்துக்கொண்டார்.

கடைசி அத்தியாயம் வந்தது. சாவுச் செய்தி கேட்டு ஒரு பெண் எப்படி அழுவாள் என்று யோசனைக்காரருக்குத் தெரிய வேண்டியிருந்தது. காலையில் கிளம்பும்போது அம்மாளிடம், சொர்ணம் போய்விட்டாள் என்றார். அம்மாள் அழவில்லை. முந்தானையைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றார்.

"ஒண்ணும் தேறலைய்யா" என்று யோசனைக்காரர் மண்டிக்குப் போகும் வழியெல்லாம் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

மத்தியானம் வந்தால் வீடு பூட்டியிருந்தது. யோசனைக்காரர் பரளச்சிக்கு முந்திப் போய்விட்டார் என்று நினைத்து, தெருப் பெண்களைத் திரட்டி, வண்டி கட்டிக்கொண்டு சாவு வீட்டில் துட்டி கேட்கப் போய்விட்டாராம் அம்மாள்; பக்கத்து வீட்டில் சொன்னார்கள். இல்லாத வீட்டில் போய் இவர்கள் ஒப்பாரி வைத்தால்? கரிசல் வெயிலில் ஓடினோம். நான் இருமிக்கொண்டே ஓடினேன்.

ஊர் தாண்டி வண்டியை மறித்தோம். அவர் மூச்சு வாங்க, "சொர்ணம்னு யாரும் இல்லம்மா. நான் எழுதுற கதையில வாரவ" என்றார்.

வண்டிக்குள் பின்னாலிருந்து ஒரு குரல்: "அப்ப நா இடிச்ச சுக்க எவன் தின்னது?"

நான் மாட்டின் கொம்பைக் கவனமாகப் பார்த்தேன்.

ஞானப்பழத்தம்மாள் சுக்கைப் பற்றிப் பேசவில்லை. "அவ புருசன் ரங்கூன்லதான இருக்கான்?" என்றார்.

"ஆமாம்மா. கதையில."

"அவன் வந்துட்டான்னு எழுதுங்க."

"வராம இருந்தாத்தாம்மா கதை நிக்கும்."

"நிக்காட்டிப் போவுது. எம் பிள்ளையோட சேத்துல்ல அவனுக்கும் கேட்டுட்டு இருக்கேன். ஒருத்தனாச்சும் வரட்டும் தம்பி."

சொந்த விவகாரம்போல் ஊரிடம் கேட்டே பழகிய யோசனைக்காரர், இது யாருடைய விவகாரம் என்று அப்போதுதான் பார்த்திருப்பார். வண்டியை ஊருக்குத் திருப்பச் சொல்லி ஏறிக்கொண்டார்.

சொர்ணம் பிழைத்தாள். புருஷன் மலையும் காடும் தாண்டி நடந்தே வந்து சேர்ந்தான். நாவல் முடிவில் கெட்டுவிட்டது என்று பதிப்பாளர் வருத்தப்பட்டார். எனக்கும் அதே அபிப்பிராயம்தான்.

அம்மாளுக்கு எழுத்துத் தெரியாது. அதனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் கோயில் விட்டு வந்ததும் அந்தக் கடைசி அத்தியாயத்தை யோசனைக்காரர் வாசித்துக் காட்டுவார். முதல் வாரம், கதையில் வந்து சேர்ந்த புருஷனுக்குச் சோளச்சோறு போட்டார்கள். அடுத்த வாரம் கருவாட்டுக் குழம்பு சேர்ந்தது. அப்புறம் கோழி அடித்தார்கள். புத்தகம் அச்சாகி வந்த பிறகும் அவர் வாசிப்பில் வாரத்துக்கு ஒரு பதார்த்தம் கூடிக்கொண்டேயிருந்தது.