இமைக்காத நீலக் கண்கள்

அன்புள்ள எர்சாயின் அண்ணனுக்கு,

தங்கை குல்ஜனாத் எழுதுவது. நீங்களும் அண்ணியும் குதிரைகளும் நலமாக இருப்பீர்கள். அல்மாட்டியில் நாங்களும் நலம்; எனக்குத்தான் தூக்கம் குறைந்துவிட்டது.

உங்கள் ஆப்போர்ட் ஆப்பிள் மரத்துக்கு நோயா என்று பார்க்க இலைகள் அனுப்பினீர்கள். நோய் என்றால் வெட்டியாக வேண்டும். ஒன்றுமில்லை என்று நேற்றே தொலைபேசியில் சொன்னேன். "போன்ல சொன்னா காத்தோட போயிடும், எழுதி அனுப்பு" என்றீர்கள். அதனால் இது.

எங்கள் புதிய நுண்ணோக்கிக்குச் சாயம் வேண்டாம். ஒளி பட்டால் இலையின் மேலுள்ள மெழுகு ஒருவிதமாக அதிரும், உள்ளிருக்கும் மரச்சத்து வேறுவிதமாக. அந்த அதிர்விலிருந்தே படம் வரையும். உங்கள் இலையை வைத்தேன், நீலக் கண்கள் தெரிந்தன, இமைக்காமல் என்னையே பார்த்தன, வேறு மரத்து இலையை வைத்தேன், அதிலும் பார்த்தன, வெறும் கண்ணாடியை வைத்தேன், அப்போதும் பார்த்தன. உடன் வேலை செய்யும் தாவ்லெத், "அக்கா, கண்ணாடிக்கும் சீக்கு வந்துடுச்சு போல. நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க, போகுதான்னு பாப்போம்" என்றான். நின்றேன். போகவில்லை. அதன்பின் அவன் அந்த அறைக்குத் தனியாக வருவதில்லை.

கடைசியில் எங்கள் துறைத்தலைவி மார்ழான், வேதியியலில் முனைவர், கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "வந்தவங்கல்லாம் மெஷினை அப்படிப் புகழ்ந்தாங்கல்ல? கண்ணு பட்டுடும்னு அதிராஸ்பன் புகை போட்டேன்."

"மூடியைத் திறந்து வச்சா போட்டீங்க?"

"பின்னே, புகை உள்ளே போக வேணாமா?"

அந்த மூலிகையின் பிசின், ஒளி பட்டால் தானே நீலமாக ஒளிரும். கண்ணேறு கழித்த புகைதான் உள்ளே லென்ஸில் துளித்துளியாய்ப் படிந்து கண்ணாகியிருக்கிறது. ஆகவே உங்கள் மரத்துக்கு ஒன்றுமில்லை. வெட்டாதீர்கள்.

உங்கள் பட்டியில் குட்டிகள் பெருகட்டும். அண்ணிக்கு என் அன்பு.

குல்ஜனாத்

பி.கு.: உறையை ஒட்டுமுன் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு உங்கள் இலையை மறுபடி வைத்தேன். கண்கள் இல்லை. அவை இதுவரை மறைத்திருந்த ஒன்று இப்போது தெரிந்தது. நரம்புக் குழாய்களுக்குள் எதுவோ கூட்டமாக நகர்கிறது, பறித்து வாடிய இலைக்குள். மரத்தை வெட்டி அங்கேயே எரித்துவிடுங்கள். இதைச் சொல்ல இப்போது அழைத்தேன், அண்ணிதான் எடுத்தார். "ஒண்ணுமில்லன்னு நீ சொன்னியாமே. அந்தச் சந்தோஷத்துல, அவங்கவங்க மரத்துல ஒட்டுப்போடச் சொல்லி, வீட்டுக்கு ஒரு கிளையா ஊருக்கே குடுத்துட்டு இருக்காரு" என்றார்.