ஆந்தை வீட்டின் மரபுக் காவலர்

மரபுக் காவலர் என்று ஓர் இனம் இருக்கிறது, வாசகரே. சீருடை கிடையாது, சம்பளம் கிடையாது, இவரை யாரும் வேலைக்கு வைத்ததும் கிடையாது. ஆனாலும் நாலு பேர் கூடி ஒரு சங்கம் என்று பெயர் வைத்துவிட்டால் போதும், ஐந்தாவதாக இவர் வந்து நின்று, “அப்படியெல்லாம் செய்யக் கூடாது” என்பார். ஏன் கூடாது? இதுவரை அப்படிச் செய்ததில்லை. ஏன் செய்ததில்லை? செய்யக் கூடாது, அதனால்தான். மேலே ஏதாவது கேட்க முடியுமா?

ஒஹையோ மாநிலத்துச் சோளக்காட்டு நடுவே, எழுநூறு மாணவர்களும் அவர்களைவிடச் சற்று அதிகமான அணில்களும் வசிக்கும் வெதர்பி கல்லூரியில் இந்த இனத்தின் அசல் மாதிரி ஒருவர் இருந்தார். பெயர் வெண்டல் க்ரூபர். நாலாம் ஆண்டு. படிப்பு நிலவியல் என்று கல்லூரி நம்பிக்கொண்டிருந்தது. உண்மையில் அவர் படித்ததெல்லாம் ஆந்தைச் சங்கம் என்ற மாணவர் சங்கத்தின் பழைய கூட்டக் குறிப்புகளைத்தான்.

சங்கத்தார் வசிக்கும் ஆந்தை வீட்டில் முன்வாசல் வழியாக யாரும் போகக் கூடாது. என்றோ ஒரு பனிக்காலத்தில் பூட்டு இறுகிப்போய் இரண்டு நாள் எல்லோரும் சமையலறை வழியாக வந்தார்களாம். மாடிப்படியில் மூன்றாவது படியை மிதிக்கக் கூடாது. அது ஒரு காலத்தில் உடைந்திருந்தது, தச்சர் வந்து சரிசெய்து முப்பது வருடம் ஆகிறது, இன்னும் தாண்டித்தான் போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பேன்கேக்கை இடது கையால்தான் திருப்ப வேண்டும். யாரோ ஒரு தலைவருக்கு வலது மணிக்கட்டு சுளுக்கியிருந்ததாம். வெண்டலின் சட்டம் எளிமையானது. “ஒரு தடவை நடந்தா அது சம்பவம். ரெண்டு தடவை நடந்தா மரபு.” போன இலையுதிர்காலத்தில் கூட்டத்தின் நடுவே ஜன்னல் வழியாக ஒரு புறா உள்ளே வந்தது. அடுத்த வாரமும் வந்தது. மூன்றாவது வாரத்திலிருந்து புறாவுக்காகப் பத்து நிமிடம் காத்திருந்துவிட்டுத்தான் கூட்டம் தொடங்கியது. புறா அதற்குப் பிறகு வரவேயில்லை.

சுவரில் வெண்டல் தம் கையால் எழுதி மாட்டிய பலகை ஒன்று உண்டு: ‘ஏட்டில் பெயர் இல்லாதவர் ஆந்தை அல்லர். ஆந்தை அல்லாதவருக்குப் பேன்கேக் இல்லை.’ வெறும் பேச்சென்று நினைக்காதீர்கள். ஒரு ஞாயிறு, வாசனை பிடித்துக்கொண்டு தட்டோடு வரிசையில் வந்து நின்ற கல்லூரித் தலைவரையே, “மன்னிக்கணும் சார், உங்க பேரு ஏட்டுல இல்ல” என்று திருப்பி அனுப்பியவர் அவர். பாவம், அந்த மனிதர் காலித் தட்டோடு போனார்.

ஏடு என்பது உறுப்பினர் ஏடு. ஏப்ரல் கடைசி ஞாயிறன்று, தேன்மெழுகு வத்தி ஏற்றி, ஒரு முழங்காலை ஊன்றி, புதியவர்கள் அதில் கையெழுத்துப் போடுவார்கள். தேவாலய மணி பன்னிரண்டு அடித்ததும், கடைசியாகக் கையெழுத்திட்டவர் ஏட்டை மூடிவிட வேண்டும். அப்புறம் அடுத்த வருடம்தான். அதற்கு முன் ஆறு வாரம் பச்சைத் தொப்பி போட்டுத் திரிய வேண்டும். தொடக்கத்தில் ஒரு தேர்வும் உண்டு: இதுவரை சேர்ந்த நானூற்றுப் பன்னிரண்டு பேரின் பெயரையும் வரிசையாக ஒப்பிக்க வேண்டும். ஒரு தப்பு வந்தால் வெளியே. இந்தத் தேர்வு வெண்டலின் சொந்தக் கண்டுபிடிப்பு. அவரே வாயால் சொல்லிக்கொடுத்த பட்டியலை வைத்து இரண்டு தடவை நடந்துவிட்டது, ஆகவே மரபு.

அந்த மார்ச் மாதம் ஒப்பிக்க வந்தவன் மைலோ பெட்ராஸ். முதலாண்டு. ஏட்டையே பார்த்து எழுதி எடுத்து, குளிக்கும்போதுகூடப் பெயர்களை முணுமுணுத்து, அடுத்த அறைக்காரனும் பாதிப் பட்டியலை மனப்பாடம் செய்யும்படி ஆக்கியவன். வெண்டல் நாற்காலியில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். தம் பெயர் வரும் இடத்துக்காக ஓர் அடக்கமான புன்னகையைத் தயாராக வைத்திருந்தார்.

“...ரஸ்ஸல் ஹோப், கர்ட்டிஸ் ட்வயர், லோகன் ஃபிட்ச்...”

“நிறுத்து!” கண் திறந்தது. “கர்ட்டிசுக்கு அப்புறம் ஒரு பேரை முழுங்கிட்ட. அவ்வளவுதான், கிளம்பு.”

மைலோவின் முகம் வெளுத்துவிட்டது. “முழுங்கலண்ணே. ஏட்டுல அப்படித்தான் இருக்கு.”

“மூணு வருஷமா இந்த வீட்டைக் கட்டிக் காக்கிறேன். எனக்கே பாடமா?”

சங்கத் தலைவன் கர்ட்டிஸ் ஏட்டைக் கொண்டுவந்து மேசையில் விரித்தான். கர்ட்டிஸ் ட்வயர். அதற்குக் கீழே லோகன் ஃபிட்ச். நடுவில் ஓர் ஈகூட இல்லை. கர்ட்டிஸுக்கு ஏதோ ஞாபகம் வந்தது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான்.

“டேய் வெண்டல்! மூணு வருஷம் முன்னாடி கையெழுத்துக்கு உன் முறை வந்தப்போ, இது சாதா மெழுகுவத்தி, தேன்மெழுகு எங்கேன்னு கத்திட்டு நிலவறைக்கு ஓடினியே, ஞாபகம் இருக்கா? நீ திரும்பி வந்தப்போ நாங்க எல்லாம் பேன்கேக் வரிசையில நின்னோம். கையெழுத்தை மறந்துட்டு நீயும் வந்து நின்னுட்ட!”

வெண்டலுக்கு உண்மையாகவே அழுகை வந்தது. மூன்று வருடம் காத்த வீட்டில் அவர் விருந்தாளி. மூன்று வருடப் பேன்கேக்குகளும் சட்டவிரோதம். மே மாதம் பட்டமளிப்பு. இந்த ஏப்ரலை விட்டால் ஆயுளுக்கும் அவர் ஆந்தை இல்லை.

“சரி விடு, இப்பவே ஒரு கையெழுத்துப் போட்டுடு. யாரு பார்க்கப் போறா?” என்றான் கர்ட்டிஸ்.

“மரபு பார்க்கும்” என்று மூக்கை உறிஞ்சினார் வெண்டல்.

ஆக, நாலாம் ஆண்டு மாணவர் ஒருவர் பச்சைத் தொப்பியோடு கல்லூரியில் உலவ ஆரம்பித்தார். தொப்பி போதுமான அளவுக்கு அசிங்கமாக இல்லை என்று போன வருடம் அதில் வாத்திறகு செருகவைத்தவரும் அவரேதான். ஞாயிறுதோறும் பேன்கேக் வாசனை வரும்போது கொல்லைப் படியில் உட்கார்ந்து பிஸ்கட் கடித்தார். கல்லூரித் தலைவர் அந்தப் பக்கம் வேண்டுமென்றே இரண்டு தடவை நடந்துபோனார் என்று கேள்வி.

ஏப்ரல் கடைசி ஞாயிறு வந்தது. மைலோ முழங்காலை ஊன்றிக் கையெழுத்துப் போட்டான். மணி பன்னிரண்டுக்கு மூன்று நிமிடம். வெண்டல் குனிந்தார், பேனாவை எடுத்தார், மையில் தோய்த்தார். அப்போது அவருடைய மூக்கு விடைத்தது.

“இது என்ன வத்தி?”

“டேய், வேண்டாம்டா” என்றான் கர்ட்டிஸ்.

“இது தேன்மெழுகு இல்ல!”

“வெண்டலண்ணே, முதல்ல கையெழுத்து!” என்று மைலோ சட்டையைப் பிடித்தான். கையில் ஒரு பொத்தான்தான் மிஞ்சியது. நிலவறைப் படியில் தடதடவென்று சத்தம், பெட்டிகள் உருளும் சத்தம், கடைசியில் “கிடைச்சிடுச்சு!” என்ற வெற்றி முழக்கம். கூடவே தேவாலய மணியும் அடித்தது.

மேலே வந்தபோது மைலோ மூடிய ஏட்டின் மேல் கை வைத்து, திருடிவிட்டு மாட்டிக்கொண்டவன்போல நின்றான். “நீங்கதானேண்ணே சொன்னீங்க, மணி அடிச்சா மூடணும்னு...”

வெண்டல் ஏட்டைப் பார்த்தார், வத்தியைப் பார்த்தார். பிறகு அந்த வீட்டுச் சுவர்கள் அதுவரை அவர் வாயால் கேட்டிராத சொற்கள் வந்தன.

“இந்த ஒரு தடவை மட்டும்...”

மைலோ கெஞ்சும் முகத்தோடு கர்ட்டிஸைப் பார்த்தான். கர்ட்டிஸ் தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

“கையெழுத்துப் போடற நேரத்துல வெண்டல் வத்தி தேடப் போறது, போடாமலே விடறது. முதல் தடவை நடந்தது சம்பவம். இன்னிக்கு ரெண்டாவது தடவை.” வெண்டல் பக்கம் திரும்பினான். “என்ன ஆச்சு வெண்டல்?”

வெண்டலின் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. சட்டைப் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தார். கண்ணில் நீர், கையில் பென்சில். “மரபு ஆயிடுச்சு” என்று எழுதி அடிக்கோடிட்டார். பிறகு கௌரவமாகக் கொல்லைப்புறம் போய் நின்றுகொண்டார். மைலோ சமையலறை ஜன்னல் வழியாக ஒரு தட்டை நீட்டினான்.

“வெளியில கொடுக்கக் கூடாதுன்னு எங்கயும் எழுதலண்ணே.”

“இது முதல் தடவை, வெறும் சம்பவம்தான்” என்று சொல்லிவிட்டு வெண்டல் ஆறு பேன்கேக் சாப்பிட்டார். பட்டமளிப்பு மேடையில் வாத்திறகுத் தொப்பியோடுதான் ஏறினார். கல்லூரித் தலைவர் பட்டத்தைக் கொடுப்பதற்கு முன், தம் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதா என்று நிதானமாகத் தேடினார். மிக நிதானமாக.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் உங்கள் குடியிருப்புச் சங்கத்தில் போன வாரம், “நம்ம வழக்கம் அப்படி இல்லையே” என்று எழுந்து நின்றது யார்? வீட்டில் உங்கள் நாற்காலியில் விருந்தாளி உட்கார்ந்தபோது தொண்டையைக் கனைத்தது யார்? எதற்கும், நீங்கள் காத்துக்கொண்டிருக்கும் ஏட்டில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். வத்தியை அப்புறம் தேடிக்கொள்ளலாம்.