கிராம்பு வாசனை

மகனின் இன்ஹேலர் உறைக்குள் இன்ஹேலரோடு ஒரு சிகரெட் பாக்கெட்டும் இருந்தது. அம்மா அதைச் செத்த பல்லியைப் போல இரண்டு விரல்களால் தூக்கிப் பிடித்திருந்தாள்.

"என்னடா இது?"

"தெரியலம்மா," என்றான் பதினாறு வயது மகன். உடனே இளைப்பு வந்தது. மருந்தை உறிஞ்சினான்.

அப்பாவுக்கும் மூச்சு முட்டியது. அவருக்கு ஆஸ்துமா இல்லை. ஆனால் அது அவர் பிடிக்கும் பிராண்ட். மகனுக்கு ஆஸ்துமா என்று டாக்டர் சொன்ன அன்றே புகையை விட்டுவிட்டதாகச் சத்தியம் செய்தவர். ஞாயிற்றுக்கிழமை வாஷிங் மெஷின் பக்கம் நின்று ஊதும்போது மனைவியின் காலடி கேட்டது. பாக்கெட்டை எங்கோ செருகினார். எங்கே என்பதுதான் நினைவில்லை. இன்ஹேலர் உறை இருக்கும் மகனின் பையும் அங்கேதான் தொங்கும்.

மறுநாளே மெஷின் மக்கர் பண்ணியது. தண்ணீர் வெளியேறவில்லை. இப்போது மெக்கானிக் அதன் பின்னால் குப்புறப் படுத்திருந்தார். கால்கள் மட்டும் தெரிந்தன.

"கூடப் படிக்கிறவன் எவனாவது போட்டிருப்பான்," என்றார் அப்பா.

அம்மா உடனே நண்பனின் அம்மாவுக்குப் போன் போட்டாள். எதிர்முனை பொரிந்தது. "என் பையனைக் கெடுக்கறதே உங்க பையன்தான்!"

"அப்ப உன் தம்பியோடதா இருக்கும்," என்றார் அப்பா. " போன வாரம் வந்தானே."

தம்பி ஸ்பீக்கரில் வந்தான். "அக்கா, இருமல் வந்தாக்கூட வெளிய நின்னு இருமிட்டு உன் வீட்டுக்குள்ள வர்றவன் நான். மாமாவைக் கேளு. அவர் ஏன் எப்பவும் கிராம்பு மெல்றாரு?"

"பல்வலி," என்றார் அப்பா.

"எந்தப் பல்லு?" என்றாள் அம்மா.

"மாறி மாறி."

அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மகனிடம் திரும்பினாள். "ஃபுட்பால் கேம்ப் கிடையாது. கோச்சுக்கு இப்பவே சொல்றேன்."

மகனின் கண்கள் நிறைந்தன. ஒரு வருஷம் இளைக்க இளைக்க ஓடிப் பிடித்த இடம் அது.

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். "போனை வை. அது என்னோடது."

"என்னது?"

"நான் விடவே இல்ல. மெஷின் பக்கம் நின்னுதான் பிடிப்பேன். நீ வர்ற சத்தம் கேட்டு அவன் பையில திணிச்சிட்டேன் போல. வாசனை போகக் கிராம்பும் பாக்கெட்டுக்குள்ளயே வெச்சிருப்பேன்."

அம்மா பாக்கெட்டை மேசையில் எறிந்தாள். "பெத்த பிள்ளை மேல பழி விழுந்தா விழட்டும்னு இவ்வளவு நேரம் நின்னீங்களே, மனுஷனா நீங்க?" மகனின் முகத்தைத் துடைத்தாள். "மன்னிச்சிருடா கண்ணு. கேம்புக்குப் போ."

மகன் ஓடிவந்து அப்பாவைக் கட்டிக்கொண்டான். "தேங்க்ஸ்பா."

அப்பா அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தார். இனி நிஜமாகவே விட்டுவிடுவது என்று முடிவு செய்தார்.

மெஷினுக்குப் பின்னாலிருந்து மெக்கானிக் எழுந்து வந்தார். கையில் சொட்டச் சொட்ட ஒரு பாக்கெட்.

"தண்ணி போற குழாயை இதுதான் அடைச்சிருக்கு சார். கிராம்புகூட உள்ள அப்படியே இருக்கு."