உமி பிடித்துக் கொடுத்த மாத்திரை

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் சுகம். சுகமில்லாதவன் நான் ஒருத்தன்தான். அதையும் உன் மகள்தான் கண்டுபிடித்தாள்.

எங்கள் வீட்டில் தங்கி அவள் செய்கிற ஆராய்ச்சி என்னவென்று உனக்குத் தெரியுமோ என்னவோ. நெல் உமியைக் கரியாக்கி, களிமண்ணோடு பிசைந்து, மிளகு மிளகாக உருட்டிச் சுட்டு, கண்ணாடிக் குழாயில் நிரப்புகிறாள். அதன் வழியே கழிவுத் தண்ணீரை விட்டால் அதில் கலந்த மருந்தெல்லாம் உமியில் ஒட்டிக்கொள்ளுமாம். சோதனைக்கு எங்கள் சமையலறைத் தொட்டித் தண்ணீரை எடுத்தாள். பாத்திரம் கழுவின தண்ணீரில் மருந்து ஏது என்கிற நம்பிக்கை. அதில் ரத்தக்கொதிப்பு மருந்தை அளந்து கலந்து குழாயில் விட்டால், போட்டதைவிட வெளியே வந்தது அதிகம்! அவளுடைய பேராசிரியர், "இது வடிகட்டியாம்மா, மருந்துக் கம்பெனியா? அடுத்த வாரமும் இப்படின்னா வேற தலைப்பு பாத்துக்கோ"ன்னுட்டார். ரெண்டு வருஷ உழைப்பு அக்கா. பிள்ளை சாப்பிடாம உக்காந்திருக்கு. எனக்கும் சாப்பாடு இறங்கலை. ஏன்னா, அந்த மருந்து எங்கேருந்து வருதுன்னு தெரிஞ்ச ஒரே ஆள் நான். தினமும் காலையில என் வீட்டுக்காரி என் கையில ரத்தக்கொதிப்பு மாத்திரையைத் திணிப்பா. முழுங்கினா, நான் கிழவன்னு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி இருக்கும். அதனால டம்ளர்ல கரைச்சுத் தொட்டியில ஊத்திடுவேன். அது ஆத்துக்குப் போய், ஒரு கொதிப்பும் இல்லாத மீன் எனக்குப் பதிலா மருந்து சாப்பிட்டுக்கிட்டிருக்கும்னு யோசிச்சதே இல்லை.

சொல்லிட்டேன். உன் மகள் குதிச்சா. "மாமா, நிறுத்திடாதீங்க! நிஜமான கழிவுத் தண்ணி இப்படி எங்க கிடைக்கும்? இன்னும் ஒரு வாரம் ஊத்துங்க!"

"ஊத்துவார், ஊத்துவார். வாயைத் திறங்க" என்றாள் அவள் அத்தை. திறந்தேன். முழுங்கின பிறகு நாக்கைத் தூக்கிக் காட்டச் சொன்னாள். காட்டினேன்.

என் பங்கையும் சேர்த்துக் கணக்குப் போட்டதில், உமி முக்கால்வாசி மருந்தைப் பிடித்திருக்கிறது. பேராசிரியர் தலைப்பை மாற்ற வேண்டாம் என்றாராம். ஆகவே பெண்ணைப் பற்றிக் கவலை வேண்டாம். என்னைப்போல் இல்லாமல், சொன்ன மாத்திரையைச் சொன்ன வேளையில் சாப்பிடும் பொறுப்பான அத்தையின் நிழலில் இருக்கிறாள். அத்தானுக்கு என் வணக்கம். உன் முழங்காலுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
திருந்திய தம்பி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் உன் மகள் ஓடி வந்தாள். இந்த முறை எல்லா மருந்தையும் தேடிப் பார்த்தாளாம். இன்று எடுத்த தொட்டித் தண்ணீரில் என் மாத்திரை துளிகூட இல்லை. சர்க்கரை வியாதி மாத்திரை நிறைய இருக்கிறது. எனக்குச் சர்க்கரை கிடையாது. உன் மகளுக்கும் கிடையாது. மிச்சமிருக்கிற ஒரே ஆள் சமையலறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, "எனக்கு வேலை இருக்கு" என்கிறாள்.